பிடிக்கிற கை எழுதணும்

"அண்ணாச்சி, கோவப்படாம ஒண்ணு சொல்லுங்க. சுவிட்ச் போட்டிருக்கியளா?"

உதவி மையத்தில் ஜெனோவா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு அசடு வழிந்து போனை வைத்துவிடுவார்கள். புரோட்டா மாஸ்டர் அய்யாத்துரை வைக்கவில்லை. சுவிட்ச் போட்டாச்சு, பச்சை லைட்டும் எரிகிறது, ஆனால் எழுதியது எதுவும் எந்திரத்துக்குள் போக மாட்டேன் என்கிறது என்றார். எந்த வயரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். கல்லாப்பெட்டிப் பக்கம் போன் சார்ஜ் போடுகிற வயரில்தான் என்றார்.

"அது சோறு மட்டும் கொண்டு போற வயர் அண்ணாச்சி. சேதி கொண்டு போகாது. எந்திரம் வந்த பெட்டிக்குள்ள கறுப்பா, தடிச்சாப்ல ஒரு வயர் கெடந்திருக்குமே?"

கிடந்தது. கெட்டியாக இருக்கிறதே என்று அதை எடுத்து, புரோட்டாக் கடையின் டேபிள் ஃபேனைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவிழ்த்துக்கொண்டு வருகிறேன், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெனோவா சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.

இதெல்லாம் எதற்காக என்று சொல்ல வேண்டும். மாஸ்டரின் மனைவி சண்முகவடிவு, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர். போன வருஷம் பஸ் படியில் சறுக்கி விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது; உணர்வு மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நடைக்கூட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். இடுப்பிலும் காலிலும் மாட்டிக்கொண்டால் அது எழுப்பும், நடத்தும், உட்கார்த்தும். ஆனால் வெறுங்கூடு. எப்போது எழுப்ப வேண்டும், எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்பதை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அசையும்.

முன்பெல்லாம் அதையும் எந்திரங்களே எழுதிக்கொண்டிருந்தன. யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. அப்படி இருக்கையில் ஒரு நாள், ஊர் ஊராக ஆயிரக்கணக்கான நடைக்கூடுகள் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கிவிட்டன. தெருவிலும் மாடிப்படியிலும் ஜனங்கள் விழுந்தார்கள். இதை எழுதியது யார் என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கைகாட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஆளே இல்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் பிடிப்பவர் சட்டம். ஓர் உடம்பைத் தாங்கும் எந்திரத்துக்கு, அந்த உடம்பு விழுந்தால் ஓடிவந்து பிடிக்கக் கூடியவர் எவரோ அவரே கைப்பட நிரல் எழுத வேண்டும்.

இப்படித்தான் ஊரில் இருக்கிற புருஷன்மாரும் மருமகள்களும் அக்கா தங்கைகளும் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர்கள் தப்பு விட்டு முழிக்கும்போது கூப்பிடுவதற்குத்தான் உதவி மையம். அங்கே இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம். ஒரு வரியைக்கூடத் தாங்களாகச் சொல்லித்தரக் கூடாது.

மாஸ்டர் சரியான வயரோடு திரும்பி வந்தார். மாட்டினார். எழுதியது உள்ளே போனது. போன வேகத்தில் எந்திரம் சிவப்பில் ஒன்றைக் காட்டியது. முதல் வரி புரியவில்லை.

"முதல் வரியில என்ன எழுதியிருக்கிய? படிங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது வந்து தங்கச்சி, பிள்ளையார் சுழி."

ஜெனோவாவுக்கு இது புதிதில்லை. இந்தப் பக்கத்தில் வெள்ளைத்தாளில் எதை எழுதினாலும், அது பலசரக்குச் சீட்டாக இருந்தாலும், மேலே ஒரு சுழி போடாமல் பேனா ஓடாது. எந்திரமோ, உ என்றால் யார், எனக்கு அப்படி யாரையும் தெரியாதே என்று நின்றுவிடும். காயல்பட்டினத்து ஆட்கள் 786 என்று போடுவார்கள். அது எண் என்பதால் எந்திரம் பேசாமல் தாண்டிப் போய்விடும்.

"நான் படிக்கிறப்ப மேல ஒரு சிலுவை போட்டேன் அண்ணாச்சி. கூட்டல் குறின்னு நெனைச்சுக்கிட்டு, எதை எதோட கூட்டன்னு கேட்டுச்சு. அழிக்க மனசு வரல."

"பொறவு?"

"முன்னால ஒரு ஹேஷ் போட்டுக்கிட்டேன், போன்ல பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்குமே அந்தக் குறி. ஹேஷுக்கு அப்புறம் இருக்கிறதை எந்திரம் ஓட்டும்போது படிக்காது. மனுஷங்களுக்காக எழுதி வைக்கிறது அது. இது எந்திரத்துக்கான வரி இல்ல, பழக்கத்துக்கு ஒரு ஒதுக்கிடம், அதனால நான் சொல்லித்தரலாம்."

மாஸ்டர் ஹேஷ் போட்டார். பிள்ளையார் அதற்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து மாஸ்டர் தினமும் மதியம் அழைத்தார். சால்னா அடுப்பில் கொதிக்கும், கல் இன்னும் சூடேறியிருக்காது, அந்த ஓய்வு நேரம். கடைக்குப் பின்கட்டுதான் வீடு என்பதால் பின்னாலிருந்து டீச்சரின் குரலும் வரும். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மாஸ்டர், டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். முதலில் கேலியாக ஆரம்பித்து, பிறகு அதுவே பெயராகிவிட்டது என்று டீச்சர் சொன்னார்.

டீச்சருக்கு வேண்டியது ஒன்றுதான். பள்ளிக்கூடத்து ஆண்டு விளையாட்டு விழாவில் முதல் ஓட்டத்துக்கு விசில் ஊதுவது எப்போதும் அவர். இந்த வருஷம் சக்கர நாற்காலியில் வந்து ஊதுங்கள் டீச்சர், கூட்டிப்போக ஆள் அனுப்புகிறோம் என்று தலைமையாசிரியை அன்பாகச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உக்காந்துக்கிட்டு ஊதுனா பிள்ளையளுக்கு உக்காரத்தான் தோணும்."

கட்டளைகளும் விசில்தான். நீளமாக ஒன்று ஊதினால் கூடு எழுப்ப வேண்டும். குட்டையாக ஒன்று என்றால் நடக்க வேண்டும். குட்டையாக இரண்டு என்றால் உட்கார்த்த வேண்டும். எந்தக் கால் முதலில் என்பதில் மட்டும் வீட்டில் சண்டை வந்தது. எதற்கும் வலது காலை எடுத்து வைப்பதுதான் முறை என்றார் மாஸ்டர். லெஃப்ட் ரைட் என்றுதான் உலகமே நடக்கிறது, யாராவது ரைட் லெஃப்ட் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்றார் டீச்சர். ஜெனோவா இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, ரெண்டுக்கும் எடம் எது எதுன்னு மட்டும் யோசிங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மறுநாள் மாஸ்டர் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. வாசப்படி வந்தால் வலது, மற்ற இடமெல்லாம் இடது என்று எழுதிவிட்டார். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் 'இப்படியானால் அப்படி' அதுதான். கடைக்கு வந்த எல்லோரிடமும் அதைச் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. கூடு வீட்டைவிட்டு வெளியே நடக்க வேண்டுமென்றால், அதற்குள்ளேயே இருக்கும் பரிசோதக நிரலிடம் தேற வேண்டும். ஊரில் அதற்குக் கேள்விக்காரி என்று பெயர். எழுதியதில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, இதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்கும். எழுதியவர் தன் வாயால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத வரி இருந்தால், அதை மாற்றும்வரை கூடு பூட்டிக்கொள்ளும். இரண்டு முறை வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் கூட்டை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கடையில் தினமும் வீச்சு புரோட்டா சாப்பிட வரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர், முழங்கால் எவ்வளவு மடங்கலாம் என்பதற்கு ஒரு வரியை நல்ல மனசோடு எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் அதை அப்படியே போட்டுக்கொண்டார். முதல் பரிசோதனையில் கேள்விக்காரி நேராக அந்த வரிக்குப் போனது. இந்த எண் ஏன் அறுபது?

"நல்லாப் படிச்சவரு சொன்னாரு" என்றார் மாஸ்டர்.

கூடு டீச்சரை மெதுவாக உட்கார வைத்துப் பூட்டிக்கொண்டது.

மறுநாள் அவர் ஜெனோவாவிடம் கோபித்துக்கொண்டார். தினமும் கேள்வியாகத்தான் கேட்கிறீர்கள், ஒரு நாளாவது ஒரு பதில் சொல்லியிருந்தால் நான் ஏன் அந்த ஆளிடம் போகப் போகிறேன் என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஜெனோவா திருப்பி ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, மாவு பெசையிறப்ப தண்ணி எவ்வளவு ஊத்துவிய?"

"கை சொல்லும்."

"நான் அளவு சொல்லி நீங்க ஊத்துனா?"

"மாவு கெட்டுப்போனா யாருக்கும் ஏன்னு தெரியாது" என்றார் மாஸ்டர். பிறகு, அந்த அறுபதை அழிச்சிருதேன் என்றார். டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் எதுவரை மடங்கினால் அவர் முகம் சுளிக்கவில்லை என்று தானே பார்த்துப் பார்த்து வேறு எண் போட்டார். அது அவருடைய எண்.

அந்தச் சட்டம் நல்ல சட்டமா என்று டீச்சர் ஒரு நாள் ஜெனோவாவிடம் கேட்டார். எழுத ஆள் வாய்த்தவர்களுக்கு நல்லது என்றாள் ஜெனோவா. வெளிநாட்டிலிருந்து ஒரு மகன் தினமும் அழைக்கிறாராம். நான் இங்கிருந்தே எழுதி அனுப்பினால் அம்மாவுக்குப் போட்டுவிடுவீர்களா என்று கேட்கிறாராம். முடியாது, அவர் பிடிக்கிற தூரத்தில் இல்லை. இன்னொருவர், அவ நடந்து எங்க போகப் போறா என்று கேட்டுவிட்டு போனை வைத்தவர், திரும்ப அழைக்கவே இல்லையாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது.

"நீ பெரிய கம்பெனியில எல்லாம் இருந்திருப்ப போலிருக்கே. இங்க வந்து ஏன் போன் எடுக்க?" என்றார் டீச்சர்.

சென்னையில் கொஞ்ச நாள் இருந்தேன், கடல் காத்து இல்லாமல் முடியவில்லை என்றாள் ஜெனோவா. தூத்துக்குடிக்காரிக்கு அது போதுமான காரணம்தான். டீச்சர் மேலே கேட்கவில்லை.

அதற்கடுத்து வந்ததுதான் பெரிய சங்கடம். சேரில் சாய்ந்து சேவு தின்றுகொண்டிருந்த டீச்சர், யாரும் விசில் ஊதாமலே திடீரென்று எழுந்து நின்றார். தட்டு பறந்தது. உட்கார்த்திவிட்டு மாஸ்டர் நகர்ந்தால், மறுபடி எழுந்தார்.

"தங்கச்சி, டீச்சர் தன்னால எந்திச்சு நிக்கா. பேய்கீய் ஏதும் பிடிச்சிருச்சா?"

"எனக்கு ஒண்ணும் பிடிக்கல, இவரு எழுதினதுக்குத்தான் பிடிச்சிருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எப்போதெல்லாம் எழுந்தார் என்று ஜெனோவா கேட்டாள். மாஸ்டர் யோசித்தார். நேற்று பதினொரு மணி வாக்கில். இன்றைக்கும் அதே நேரம். அப்போது வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அடுப்பில், குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி மையத்தில் நான்கு மேசைகளுக்குக் கேட்டது. இரண்டு பேரும் பருப்புக்கு எழுந்து நின்று மரியாதை செய்திருக்கிறார்கள், டீச்சர் காலால், மாஸ்டர் கவலையால்.

குக்கர் விசிலையும் டீச்சர் விசிலையும் கூடு எப்படிப் பிரித்துப் பார்க்கும்? ஜெனோவா சொல்லவில்லை. ரெண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள். மாஸ்டர் ஒரு பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரைக் குக்கரில் வைத்து ஊதவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி, விருந்து யாருக்கு மாஸ்டர் என்று கேட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் கல் காயும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அழைத்தார்.

"டீச்சர் ஊதுனா டக்குன்னு வெட்டுவா. குக்கரு இழுத்துக்கிட்டே போயி சோர்ந்து விழும். முடியிற விதத்துல இருக்கு தங்கச்சி சங்கதி."

"அதையே எழுதுங்க."

எழுதினார். ஆனால் மறுநாளும் பருப்புக்கு டீச்சர் எழுந்தார். மாஸ்டர் நொந்துபோனார். எழுதியதை ஜெனோவா ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவள் கேட்டாள், நீங்கள் திருத்துகிற கோப்பின் பெயர் என்ன?

"'இதுதான் கடைசி'ன்னு பேரு."

"கூட்டுக்குள்ள ஓடுறது?"

மாஸ்டர் தேடிப் பார்த்தார். 'கடைசி' என்று ஒன்று, 'ரொம்பக் கடைசி' என்று ஒன்று, 'டீச்சர் கடைசி' என்று பார்க்கவே பயமாக ஒன்று. அவர் திருத்தியது ஒன்று, கூட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது இன்னொன்று. இங்கே மாவைப் பிசைந்துவிட்டு அங்கே பழைய மாவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மற்றதையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் குக்கர் மூன்று தடவை கத்தியது. டீச்சர் அசையாமல் உட்கார்ந்து சேவு தின்றார்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் இரண்டாவது பரிசோதனை. அதுதான் கடைசி வாய்ப்பு. ஜெனோவா போனில் கேட்டுக்கொண்டிருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. டீச்சர் நீளமாக ஊதி டக்கென்று வெட்டினார். கூடு எழுப்பி நிறுத்தியது. மாஸ்டர் குளித்து, சந்தனம் வைத்து, கையைத் துடைத்துத் துடைத்து வேட்டியையே ஈரமாக்கியிருந்தார். குக்கர் வரியைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசத் தயாராக இருந்தார். வாசப்படி வரியைக் கேட்டாலும் சரி.

கேள்விக்காரி நிதானமாகப் பேசியது. "முதல் வரி. இதை எந்திரம் ஓட்டும்போது படிப்பதில்லை. நான் படிப்பேன். இதில் ஒரே ஓர் எழுத்து இருக்கிறது. இதனால் கூடு எழுவதும் இல்லை, நடப்பதும் இல்லை. இதை ஏன் எழுதினீர்கள்?"

ஒருவரும் இதை எதிர்பார்க்கவில்லை. மாஸ்டர் போனைப் பார்த்தார். போனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நின்றார், அணிவகுப்பில் நிற்பதைப் போல. பழக்கம் என்று சொல்லலாம். எல்லாரும் போடுவார்கள் என்று சொல்லலாம். அது, படிச்சவரு சொன்னாரு என்று அன்றைக்குச் சொன்ன மாதிரிதான், அடுத்தவரைக் கைகாட்டுவது. அவருக்கே அது தெரிந்தது.

"அதுக்கு வேலை இருக்கும்மா" என்றார் மெதுவாக. "வேலை கூட்டுக்கு இல்ல, எனக்கு. டீச்சர் விழுந்த அன்னைக்கு நான் பக்கத்துல இல்ல. இப்ப எழுத உக்காந்தா கை நடுங்குது, ஒரு வரி தப்பிட்டா இவ விழுவாளேன்னு. அந்தச் சுழியைப் போட்டாத்தான் நடுக்கம் நிக்கும். அதுக்குக் கீழ இருக்கிற எல்லா வரியும் நடுங்காத கையில எழுதினது."

சமையலறையில் பருப்பு வெந்து, குக்கர் நீளமாகக் கத்தி ஓய்ந்தது. டீச்சரின் கால் அசையவில்லை.

"காரணம் ஏற்கப்பட்டது" என்றது கேள்விக்காரி. "இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. என்னை எழுதியவரையும் முதல் வரியைப் பற்றிக் கேட்டார்கள். அவரும் இதையேதான் சொன்னார். என் முதல் வரியில் இருப்பது ஒரு சிலுவை."

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். தேறிவிட்டோம் என்பதைத் தவிர அவர் காதில் வேறெதுவும் ஏறவில்லை. டீச்சருக்குத்தான் எல்லாம் கேட்டது. நின்ற நிலையிலேயே போனை எடுத்தார்.

"ஜெனோவா, இருக்கியா?"

"இருக்கேன் டீச்சர்."

"உங்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். பிடிக்கிறவங்கதான எழுதணும். அப்ப இந்தக் கேள்விக்காரியை எழுதினவங்க எங்க நிக்கணும்?"

"அது கேக்குற கேள்வியில யாரு விழுவாங்களோ, அவங்க பக்கத்துல. அடுத்த போன் அடிக்கு டீச்சர், வைக்கட்டுமா?"

மறுநாள் காலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டு வாசப்படியை வலது காலால் தாண்டி வந்த டீச்சர், மைதானத்துக்குள் இடது காலை வைத்து நடந்தார். பிள்ளைகள் கத்திய கத்தலில் தலைமையாசிரியையின் மைக் எடுபடவில்லை. இடது பக்கம் மாஸ்டர், புரோட்டா வீசுகிற கை இரண்டையும் பாதி நீட்டியபடி வந்தார். விழ மாட்டேன், கையை இறக்குங்க மாஸ்டர், எல்லாரும் பாக்காங்க என்று டீச்சர் பல்லுக்குள் சொன்னார். அவர் இறக்கவில்லை.

ஓட்டக் கோட்டுக்கு அருகில் வந்தபோது, வலது பக்கத்தில் இன்னொருத்தியும் நடந்து வருவதை டீச்சர் கவனித்தார். யாரென்று தெரியவில்லை. நாற்பது வயசிருக்கும், கழுத்தில் மெல்லிய செயின், வேலைக்குப் போகிற வழியில் இறங்கி வந்தவள் மாதிரி தோளில் பை. அவளும் கையைப் பாதி நீட்டியிருந்தாள்.

டீச்சர் விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். அந்தப் பெண் காதருகில் குனிந்தாள்.

"டீச்சர், கோவப்படாம ஒண்ணு சொல்லுங்க. சுவிட்ச் போட்டிருக்கியளா?"

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வாயில் விசில் எப்படி ஊதும்? கோட்டில் குனிந்து நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் சிரித்து முடித்து, மூச்சை இழுத்து, நீளமாக ஊதி டக்கென்று வெட்டினார்.